பதினாறாம் வளைவில் யோர்தான் நதி

காலை ஆறு மணி பத்து நிமிடம். ஏற்காடு மலையடிவாரத்தில், சோதனைச் சாவடியைத் தாண்டியதும், முதலில் கண்ணில் பட்டது ஒரு வானதூதர். தகரத்தில் வரைந்த வானதூதர். ஒரு சைக்கிள் கேரியரில் அவரை நிமிர்த்தி வைத்துப் பழைய ட்யூபால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். முதுகில் வெள்ளைச் சிறகு, உடம்பில் காக்கிச் சட்டை, தோளில் தபால் பை. மீசையும் இருந்தது.

தூதருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்மணி எட்டிப் பார்த்தார். ஐம்பதைத் தொடும் வயது. நூல் புடவைக்கு மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர். கழுத்தில் ஜெபமாலை. ஸ்வெட்டர் பையில் ஒரு ஸ்பேனர்.

"எங்க ஊர்த் தபால்காரருங்க" என்றார், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே. "மாதாவுக்குச் சேதி கொண்டு வர்றவர்னா எனக்கு வேற மொகம் தோணலீங்க."

மலைப்பாதைப் போக்குவரத்து நெரிசலைப் பற்றி நான்கு வரி எழுதத்தான் பத்திரிகை என்னை அனுப்பியிருந்தது. நெரிசலுக்குக் காரணம் இவர் என்று சாவடியில் சொன்னார்கள். எதிரே பன்னிரண்டு சைக்கிள்கள் நின்றன. எல்லோரும் ஏற்காட்டுக்காரர்கள். மலைமேல் குடியிருப்பவர்கள், மலை ஏற வேண்டும் என்பதற்காகவே முந்தின நாள் எஸ்டேட் லாரியில் சைக்கிளோடு கீழே இறங்கி வந்திருந்தார்கள்.

"ஏனுங், பெல் அடிக்க வருமுங்களா?" என்று அந்தப் பெண்மணி கேட்டார். வரும் என்று சொல்லி முடிப்பதற்குள் என் கையில் ஒரு சைக்கிள் பெல் இருந்தது. "இது ரி. நாஞ் சொல்றப்ப மட்டும் அடிங்க." எனக்கு ஒரு சைக்கிளும் வந்து சேர்ந்தது. யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வோர் அக்டோபரிலும் போய்க்கொண்டிருந்தேன்.

நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீஸில் அவருக்கு ரைட்டர் வேலை. காலையில் யார் யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று எழுதிவைக்க வேண்டும். ஊரில் எல்லோருக்கும் அவர் ரைட்டரம்மா. வராத ஆளின் வீட்டுக்குச் சாயங்காலம் நேரில் போய் ஏன் வரவில்லை என்று கேட்கிற ரைட்டர், எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். அதிகாரத்துக்காகப் போவதில்லை. ஒரு பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

அந்த சைக்கிள் யாத்திரையே அப்படித்தான் உண்டானது. ஏற்காட்டு ரோட்டில் கொண்டை ஊசி வளைவு இருபது. அக்டோபர் ஜெபமாலை மாதம். ஜெபமாலையில் ஆண்டவருடைய, மாதாவுடைய வாழ்க்கையிலிருந்து பதினைந்து மறைபொருள்கள். மகிழ்ச்சி ஐந்து, துயரம் ஐந்து, மகிமை ஐந்து. ஒவ்வொன்றையும் நினைத்து ஒரு பரலோக மந்திரம், பத்து அருள்நிறைந்த மந்திரம். ஒருமுறை பஸ்ஸில் ஏறி வரும்போது வளைவுக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். பதினைந்தில் ஜெபமாலை முடிந்துவிட்டது, ரோடு முடியவில்லை. மிச்சம் ஐந்து வளைவு சும்மா போனது அவருக்குப் பொறுக்கவில்லை.

அந்த ஐந்தையும் ஊருக்குக் கொடுத்துவிட்டார். முதல் பதினைந்து வளைவில் படம், ஜெபம், பாட்டு. பதினாறிலிருந்து இருபது வரை யாருக்கு என்ன வருமோ அதைச் செய்யலாம். பதினாறில் ஒரு தம்பதி கொய்யாப்பழம் அறுத்து உப்பும் மிளகாய்த் தூளும் தூவிக் கொடுப்பார்கள். பதினேழில் செம்மநத்தத்து விவசாயிகள் மேளத்தோடு வந்து நிற்பார்கள். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு அடிக்கிற அதே மேளம். பதினெட்டில் ஓய்வுபெற்ற ஒரு பஸ் கண்டக்டர் விசில் அடித்தே முழுப்பாட்டும் பாடுவார். இவர்களில் ஞானஸ்நானம் பெற்றவர் ஒருவருமில்லை. அதைப் பற்றிக் கேட்டபோது ரைட்டரம்மா சொன்னது: "ஆளு வந்துட்டா எடம் வந்துருமுங்க."

ஏறுவது என்று எழுதினாலும், தள்ளியது என்பதுதான் சரி. கியர் இல்லாத கறுப்பு சைக்கிள்கள். சமதளமாக வரும் சில நூறடிகளில் மட்டும் ஏறி உட்காருவோம். மற்ற இடமெல்லாம் சைக்கிளை மாடு மாதிரிக் கூட்டிக்கொண்டு நடப்போம். திரும்பும் வேலையே கிடையாது, ஏனென்றால் எல்லோருக்கும் வீடு மேலேதான். ஆகவே ஆண்டுக்கொருமுறை நடந்த அந்த சைக்கிள் யாத்திரையில் சைக்கிள் ஓட்டியவர்கள் என்று யாருமில்லை.

பெல் விஷயம் வேறு. சேலத்தில் ஒரு சைக்கிள் சாமான் கடையில், கடைக்காரர் போதும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்ளும்வரை, மேஜைக் கரண்டியால் பெல் பெல்லாகத் தட்டிப் பார்த்து ஸ்வரத்துக்கு ஒன்றாகப் பொறுக்கி வந்திருந்தார். ஒரு சைக்கிளுக்கு ஒரு ஸ்வரம். அவரே கட்டிய மாதா பாட்டு ஒன்று உண்டு. ஒவ்வொரு வளைவிலும் பத்து மந்திரம் முடிந்ததும், அவர் விரல் நீட்டுகிற ஆள் தன் பெல்லை அடிக்க, பாட்டு வரும். பாடத் தெரியாதவர்களையும் பாட்டில் சேர்ப்பதற்காக இந்த ஏற்பாடு. விளைவு, ஒரு ஆள் பின்தங்கினாலும் பாட்டில் ஓட்டை விழும். மத்திமம் ஒரு ஹோட்டல் சமையல்காரரிடம் இருந்தது. அகலமான மனிதர், சேலத்திலிருந்து வந்து ஏற்காட்டில் குடியேறியவர், மூச்சு வாங்குகிறவர். "மத்திமம் வரலீங்க" என்று ஒருவர் சொல்வார். எல்லோரும் ரோட்டோரக் கட்டையில் உட்கார்ந்துவிடுவோம். குரங்குகளும் உட்காரும். தூரத்தில் அடுத்த வளைவுக்குக் கீழே 'ம' என்று ஒற்றை பெல் கேட்டதும் ரைட்டரம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொள்வார்.

வேகமாக ஏறுகிறவர் ஒருவரிடம் மத்திமத்தைக் கொடுத்துவிடலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன். ரைட்டரம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "அப்பறம் அவரு எதுக்குங்க வருவாரு?"

படங்கள் எல்லாம் பழைய விளம்பரத் தகரங்களின் பின்பக்கத்தில் எஸ்டேட்டில் மிஞ்சிய பெயின்டால் வரைந்தவை. முகங்கள் ஊரில் எடுத்தவை. மாதாவைப் பார்த்து வாழ்த்துகிற எலிசபெத்தம்மாள் ஒரு மளிகைக் கடைக்காரரின் மனைவி. மாட்டுக் கொட்டிலில் எட்டிப் பார்க்கும் மாடு எஸ்டேட் மேனேஜருடையது. ஊரே வந்து தன்னையும் வரையச் சொன்னது. ஆண்டவரைச் சாட்டையால் அடிக்கும் சேவகர்களாக மட்டும் யாரும் வரத் தயாரில்லை. அவர்களை முதுகு மட்டும் தெரிகிற மாதிரி வரைந்துவிட்டார். அது யார் முதுகு என்று பஜாரில் பல ஆண்டுகள் சண்டை நடந்தது. ஒரு ஜவுளிக்கடைக்காரர், அந்த இடதுபக்க முதுகு தன்னுடையது இல்லை என்று எழுதி வாங்கிக்கொள்ளவே வந்தாராம். ரைட்டரம்மா அவரைச் சமாதானப்படுத்தி, மகிமை மறைபொருளில் ஒரு அப்போஸ்தலராகச் சேர்த்து அனுப்பினார்.

இவ்வளவும் மலைமேல் இருந்த மாதா கோயில் வாசலோடு முடிந்துவிடும். அப்போதிருந்த வயதான பங்குச் சாமியார் நல்லவர். இதை ஒரு குழந்தை விளையாட்டு என்று ரசிப்பார், வாசல் கேட்டில் நின்று தீர்த்தம் தெளிப்பார், சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவார். கதவு திறக்காது. மேளக்காரர்கள் கேட்டிலிருந்தே செம்மநத்தம் திரும்புவார்கள். ரைட்டரம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. சைக்கிள், பெல், மேளம் எல்லாமாகச் சேர்ந்து அந்தப் பெரிய கதவு வழியாக ஒருநாள் உள்ளே போக வேண்டும். இதை அவர் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. ஒவ்வோர் ஆண்டும் கேட்டில் எல்லோரும் பிரிந்த பிறகு அவர் மட்டும் கதவைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு ஸ்பேனரை எடுத்து யாருடைய செயினையாவது சரிசெய்வார்.

அப்போதுதான் ரோமிலிருந்து செய்தி வந்தது. பாப்பரசர் ஜெபமாலையில் புதிதாக ஐந்து மறைபொருள்களைச் சேர்த்துவிட்டார். ஒளியின் மறைபொருள்கள். பதினைந்தும் ஐந்தும் இருபது.

அன்று மாலை ரைட்டரம்மா எஸ்டேட்டிலிருந்து பஜார்வரை சைக்கிளில் பெல் அடித்துக்கொண்டே வந்ததாகச் சொல்வார்கள். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னது ஒரே சொல்: "இருவதுங்க!" ரோமில் இருப்பவர்களுக்கு ஏற்காட்டு ரோடு எப்படித் தெரியும் என்று பழைய சாமியார் கேட்டிருக்கிறார். "தெரியாமயே சரியா வந்துச்சுன்னா அது இன்னும் பெருசில்லீங்களா ஃபாதர்?" கொஞ்ச நாளில் சாமியார் மாற்றலாகிப் போனார். அந்தக் கேள்விக்கும் மாற்றலுக்கும் சம்பந்தமில்லை.

புதிதாக வந்தவர் இளைஞர், ஒல்லி, வேறு மாவட்டத்துக்காரர், எதையும் புத்தகத்தைப் பார்த்துச் செய்கிறவர். ரைட்டரம்மா போய்க் கேட்டதும் அவர் விளையாட்டு என்று சிரிக்கவில்லை. இருபது மறைபொருளும் முறையான வரிசையில், ஜெபமாகச் செய்து வந்தால் இதைக் கோயிலின் யாத்திரையாகவே ஏற்றுக்கொள்வதாகவும், பெரிய கதவைத் திறப்பதாகவும், வருகிற எல்லோரும் உள்ளே வரலாம் என்றும் சொன்னார். தானும் கூட வந்து பார்ப்பதாகச் சொல்லி ஒரு சைக்கிளை இரவல் வாங்கினார்.

ரைட்டரம்மா இரண்டு மாதத்தில் ஐந்து புதுத் தகரம் வரைந்தார். பதினாறுக்கு யோர்தான் ஆற்றில் ஆண்டவருக்கு ஞானஸ்நானம், கரையில் கொய்யாத் தம்பதி. பதினேழுக்குக் கானா ஊர்க் கல்யாணம். தண்ணீர் திராட்சரசமாகிற அந்தக் கல்யாணத்தில் மணமேடைக்குப் பக்கத்தில் செம்மநத்தத்து மேளக்காரர்கள் அப்படியே நின்றார்கள், ஆளுக்கு ஆள் அடையாளம் தெரிகிற மாதிரி.

அந்த ஆண்டும் நான் 'ரி'. முதல் ஐந்து வளைவுகளும் ஒழுங்காக நடந்தன. புதுச் சாமியார் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிளைத் தள்ளினார். மத்திமத்துக்காகக் காத்திருந்தபோது கூட முகம் சுளிக்கவில்லை. ஆறாம் வளைவில் நின்று புத்தகத்தைப் பிரித்தவர், மரத்தில் கட்டியிருந்த படத்தைப் பார்த்தார். கெத்சமனித் தோட்டம். ஆண்டவர் காப்பிச் செடிகளுக்கு நடுவே இரத்த வேர்வை சிந்திக்கொண்டிருந்தார்.

"யோர்தான் எங்கேம்மா?" என்று சாமியார் கேட்டார்.

"பதினாறுலீங்க ஃபாதர்."

சாமியார் பொறுமையாக விளக்கினார். புது மறைபொருள் ஐந்தும் கடைசியில் சேர்வதில்லை. மகிழ்ச்சிக்கும் துயரத்துக்கும் நடுவே வர வேண்டும். ஆண்டவர் பிறந்து, வளர்ந்து, ஞானஸ்நானம் பெற்று, போதித்து, பிறகுதான் பாடுபடுகிறார். இந்த வரிசைப்படி போனால் அவர் இறந்து, உயிர்த்து, விண்ணகம் போய், மாதாவுக்கு முடியும் சூட்டியாகிவிடும். அதற்குப் பிறகு பதினாறாம் வளைவுக்கு வந்து ஆற்றில் இறங்குவார்.

"பாயசம் ஊத்தினப்பறம் எலை போடற மாதிரிங்க" என்றார் சமையல்காரர். அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார்.

ரைட்டரம்மா சிரிக்கவில்லை. காலியாக இருந்த ஐந்து வளைவில் புது ஐந்தைப் பொருத்தியிருந்தார். அவர் கணக்கில் வேறு வழியே தோன்றியிருக்க முடியாது. சாமியாரும் கடுமையாகப் பேசவில்லை. இந்த ஆண்டு பழையபடி பதினைந்தோடு நிறுத்திக்கொள்ளலாம், புதுப் படங்களை வழியில் பார்த்துக்கொண்டு போகலாம், அடுத்த ஆண்டு இடம் மாற்றிக் கட்டினால் கதவைத் திறக்கலாம் என்றார்.

"பதினேழுல மேளம் நிக்குதுங்க ஃபாதர். இருட்டோட எந்திரிச்சு நடந்து வந்திருக்கறாங்க."

"பார்த்துட்டுத்தானேம்மா போகப்போறோம்."

"பாத்துட்டுப் போறதுக்கு அவங்க என்ன கொரங்குங்களா?"

கட்டையில் இருந்த குரங்குகளை எல்லோரும் ஒருமுறை பார்த்தோம். அவர் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. அவரே அதைக் கேட்டுப் பயந்துவிட்டவர் போல ரோட்டின் ஓரத்துக்குப் போனார். மேலே பார்த்தார். கீழே பார்த்தார். ஸ்வெட்டர் பைக்குள் கையை விட்டு ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"வரிசைதானுங்களே ஃபாதர் வேணும்? இப்பவே நேரா பதினாறுக்குப் போயிருவம். ஒளி அஞ்சையும் இருவது வரைக்கும் முடிச்சுப்போட்டு, எறங்கி இங்க வருவம். அப்பறம் துயரம், மகிமைன்னு மறுக்கா ஏறுவம். எதுவும் மாறாதுங்க."

"இன்னொருக்கா ஏறணுமுங்களா?" என்றார் சமையல்காரர்.

"நடுவுல எறங்கறதும் இருக்குதுங்கல்ல."

சமையல்காரர் அதை யோசித்தார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவியது.

சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணிக்குப் பூசை இருக்கும்மா."

"நீங்க இல்லாம அது எப்பிடிங்க ஆரம்பிக்கும்?"

சாமியார் புத்தகத்தை மூடி, பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டார். மறுக்க அதில் ஒன்றும் இல்லை போலும்.

ஆறிலிருந்து பதினைந்து வரை பெல்லைக் கையால் பொத்திக்கொண்டு ஏறினோம். ரைட்டரம்மா மட்டும் ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் நின்று, "வந்தர்றமுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். சிலுவையில் இருந்தவரிடமும் சொன்னார்.

பதினாறில் யோர்தானைக் கடந்தோம். கொய்யாப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்து மந்திரத்தையும் சொன்னோம். பதினேழில் மேளக்காரர்கள் வெளுத்த வேட்டியில், தலைக்கு எண்ணெய் வைத்து, தங்கள் முகங்களுக்கு நேர்கீழே வரிசையாக நின்றிருந்தார்கள். "நாங்க எப்பங்க அடிக்கோணும்?" என்று மூத்தவர் கேட்டார். ரைட்டரம்மா சாமியாரைப் பார்த்தார். மந்திரம் முடியட்டும், கல்யாணம் அதற்குப் பிறகுதான் என்றார் சாமியார். முடிந்தது. மேளமும் பெல்லுமாக அந்தப் பாட்டு எழுந்தபோது எதிரே வந்த இரண்டு பஸ்கள் நின்றுவிட்டன. பயணிகள் இறங்கி, மாப்பிள்ளை யார் என்று கேட்டார்கள். சமையல்காரரைக் காட்டினோம். அவருக்கு யாரோ பத்து ரூபாய் மொய் வைத்தார்கள்.

பத்தொன்பதில் ஆண்டவர் மலையுச்சியில் ஒளிமயமாக உருமாறுகிற படம். அங்கே மூடுபனி இறங்கியிருந்ததால் படமே தெரியவில்லை. மரம்கூடத் தெரியவில்லை. சாமியார் வெறும் வெள்ளையைப் பார்த்து வாசித்தார். வாசித்து முடித்தும் வெள்ளைதான். "சரியா வரைஞ்சிருக்கீங்கம்மா" என்றார். அவர் செய்த முதல் வேடிக்கை அது. அவருக்கே தெரிந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

இருபதில் நின்று இறங்க ஆயத்தமானோம். மலைச் சரிவில் விறகு கொண்டுபோகிறவர்கள் சைக்கிள் பின்னால் ஒரு மரக்கிளையைக் கட்டித் தரையில் இழுபடவிடுவார்கள். பிரேக் அறுந்தாலும் வேகம் பிடிக்காது. ரைட்டரம்மா ஒவ்வொரு சைக்கிளிலும் ஒரு சில்வர் ஓக் கிளையைத் தன் கையால் கட்டினார், முடிச்சை இழுத்துப் பார்த்தார், பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். சாமியாருடைய அங்கி செயினில் மாட்டாமலிருக்க அதை இரண்டு கிளிப்பால் முழங்காலில் பிடித்துவிட்டார். துணி காயப்போடும் கிளிப்.

பிறகு நாங்கள், இத்தனை ஆண்டுகளில் முதல்முறையாக, சைக்கிள் ஓட்டினோம்.

அதை முறையாக எழுத எனக்கு வரவில்லை. பதிமூன்று கிளைகள் ரோட்டைப் பெருக்கிக்கொண்டு வந்தன. பனிக்குள் போனோம், வெயிலுக்குள் வந்தோம். யாருக்கும் யாரும் விரல் நீட்டவில்லை, பெல்கள் தாமாகவே அடித்துக்கொண்டன, ரி எங்கே ப எங்கே என்று ஒரு கணக்கும் இல்லை. பதினேழில் மேளக்காரர்கள் எங்களைப் பார்த்ததும் அடிக்கத் தொடங்கி, நாங்கள் மறைந்த பிறகும் அடித்தார்கள். எல்லோருக்கும் முன்னால் மத்திமம் போய்க்கொண்டிருந்தது. இருபது வளைவு மேலே தள்ளிக்கொண்டு போன உடம்பின் எடை முழுவதும் அன்று அவருக்கு உதவியாக இருந்தது. எனக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. யாரோ விழுந்து அலறுவதாக நினைத்துத் திரும்பினேன். சாமியார் சிரித்துக்கொண்டிருந்தார். வாயை மூட முயன்றும் முடியாமல், கண்ணில் நீர் வழிய, இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் வந்தது ரைட்டரம்மா. யாரும் விழுந்துவிடவில்லையே என்று பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆறாம் வளைவில் கிளைகளை அவிழ்த்தோம். சாமியார் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முன்பு விரல் வைத்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். கெத்சமனித் தோட்டத்தில் முழங்காலிட்டோம். அவ்வளவு சிரித்த பிறகு அந்தத் துயரத்தை எப்படிச் சொல்லப் போகிறோம் என்று நினைத்தேன். அன்று சொன்னது போல அதற்குமுன் நான் சொன்னதில்லை.

இரண்டாவது ஏற்றத்தில் கொய்யாத் தம்பதி, மேளக்காரர்கள், கண்டக்டர் எல்லோரும் கூடவே சேர்ந்துகொண்டார்கள். கோயிலுக்கு வந்தபோது ஆறே முக்கால். ஐந்து மணிப் பூசைக்கு வந்தவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். கதவின் ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் சாமியார் மற்றப் பக்கத்தையும் திறக்கச் சொன்னார். மேல் தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்ததால் ரைட்டரம்மாதான் ஸ்டூலில் ஏறி ஸ்பேனரால் தட்டித் திறந்தார்.

மேளக்காரர்களில் மூத்தவர் படியில் நின்றுவிட்டார். "நாங்களும் வரலாமுங்களா?" என்று கேட்டார். ரைட்டரம்மா ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. சாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேளம் முன்னாடி போகட்டும்" என்றார் சாமியார்.

ஏற்காட்டில் குளிர் அதிகம். அந்தக் கோயிலுக்குள் எல்லோரும் செருப்போடும் ஷூவோடும்தான் போவார்கள். மேளக்காரர்கள் தங்கள் வழக்கப்படி கழற்றி வாசலில் வரிசையாக விட்டுவிட்டுப் போனார்கள். பூசை முடிந்து வெளியே வந்தபோது அவற்றை எண்ணிப் பார்த்தேன். ஒரு ஜோடி அதிகம் இருந்தது. கறுப்புத் தோல் செருப்பு. பங்குச் சாமியாருடையது.